ராஜபாளையத்தில் இருந்து கப்பல் ஏறுவோமா?



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கும் நமக்கு மலை பக்கம், கடல் தூரம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும். கிழக்கே எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் கடல் தெரியாது. நமக்குப் பக்கத்துக் கடல் என்றால் அது தூத்துக்குடிதான். அதற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்சில் போக வேண்டும்.

ஆனால், நம் ஊர்ச் சரக்கு நமக்கு முன்பே கப்பல் ஏறிவிட்டது தெரியுமா? ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறதே, அங்கே தறிகளில் என்ன நெய்கிறார்கள்? காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி! அது வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு எல்லாம் போகிறது. பேண்டேஜ் துணி போகும் போது நாம் போகக் கூடாதா?

இந்தக் கோடை விடுமுறைக்கு ஒரு தீவைக் கப்பலில் சுற்றி வருவது எப்படி என்று உட்கார்ந்து திட்டம் போட்டுப் பார்ப்போம். போகிறோமோ இல்லையோ, திட்டம் போடக் காசு வேண்டாம். ஒரு நோட்டு, பென்சில், அட்லஸ் இருந்தால் போதும்.

எந்தத் தீவு?

கப்பல் சுற்றுலா என்றதும் டி.வி.யில் காட்டுவது பெரும்பாலும் மத்தியதரைக் கடலைத்தான். அட்லசில் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே பாருங்கள். இத்தாலி நாடு ஒரு பூட்ஸ் கால் போல நீட்டிக் கொண்டிருக்கும். அந்தக் கால் உதைக்கப் போகும் பந்து போல ஒரு தீவு இருக்கிறதா? அதுதான் சிசிலி. பரப்பளவு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். பலெர்மோ, மெசினா, கடானியா, சிரகூசா என்று கரை நெடுக ஊர்கள். கிழக்கே எட்னா என்ற எரிமலை, 3,300 மீட்டருக்கு மேல் உயரம், அவ்வப்போது புகை விட்டுக் கொண்டே இருக்கும்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். இந்தியாவின் காலடியில் மாங்காய் வடிவில் ஒரு தீவு. நம் ஊர்ச் சப்பட்டை மாங்காய் மாதிரி இல்லை, கொஞ்சம் கிளிமூக்கு மாதிரி. இலங்கை! 65,610 சதுர கிலோமீட்டர். சிசிலியைப் போல இரண்டரை மடங்கு பெரியது. கடற்கரையின் நீளம் மட்டும் சுமார் 1,340 கிலோமீட்டர்.

சிசிலிக்குப் போக முதலில் விமானம், அதற்கு ஐரோப்பிய விசா, அங்கே போய்க் கப்பல். இலங்கைக்கோ தமிழ்நாட்டிலேயே கப்பல் ஏறலாம். கைக்கடிகாரத்தைக் கூடத் திருப்பி வைக்க வேண்டாம். அங்கேயும் நம் நேரம்தான். ஆகவே என் ஓட்டு இலங்கைக்கு.

ஒரு தீவைச் சுற்றுவது என்றால் முழு வட்டம் வர வேண்டும் அல்லவா? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கடலில் வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கப்பல் 15 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். 1,340ஐ 28ஆல் வகுங்கள். 48 மணி நேரம் வரும். இரண்டே நாளில் இலங்கையைச் சுற்றி விடலாம் போல இருக்கிறதே!

கணக்கு சரி. ஆனால் கடல் ஒத்துக் கொள்ளாது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்த இடத்தில்தான் ராமர் பாலம் என்றும், ஆதம் பாலம் என்றும் சொல்லப்படும் மணல் திட்டுகள் வரிசையாக உள்ளன. சில இடங்களில் கடலின் ஆழம் ஓர் ஆள் உயரம் கூட இருக்காது. பெரிய பயணிகள் கப்பலின் அடிப்பாகமோ ஏறத்தாழ 7 மீட்டர் தண்ணீருக்குள் இருக்கும். வழி கிடைக்குமா? பாம்பன் பாலத்துக்குக் கீழே உள்ள கால்வாய் வழியாகச் சின்னக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் மட்டும் போகின்றன. அவற்றுக்கு வழி விடத்தான், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி லிப்ட் போல மேலே ஏறுகிறது.

சிசிலியிலும் இதே போல ஒரு குறுகிய இடம் உண்டு. மெசினா நீரிணை என்று பெயர். ஒடுங்கிய இடத்தில் அகலம் 3 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஆனால் அங்கே மிகக் குறைந்த ஆழமே 70 மீட்டருக்கு மேல்! பெரிய பெரிய கப்பல்கள் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். அதனால் சிசிலியை வட்டமாகச் சுற்ற முடியும். அங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. இத்தாலியில் இருந்து வரும் ரயில் பெட்டிகளைத் தண்டவாளம் பதித்த கப்பலில் அப்படியே ஏற்றி அக்கரையில் இறக்குகிறார்கள். பயணிகள் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம். ரயில் ஏறும் கப்பல்! இதைப் பார்ப்பதற்காகவே சிசிலிக்குப் போகலாம் என்று எனக்கு ஆசை உண்டு.

நம் பக்கம் கடலை ஆழப்படுத்தச் சேது சமுத்திரத் திட்டம் என்று ஒன்றை 2005 ஜூலை 2ல் மதுரையில் தொடங்கி வைத்தார்கள். பாதியில் நின்றுவிட்டது. ஆகவே இன்றும் தூத்துக்குடியில் இருந்து சென்னைக்குப் போகும் பெரிய சரக்குக் கப்பல், இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றிக் கொண்டுதான் போகிறது. கால்வாய் வந்திருந்தால் 400 கடல் மைல் வரை மிச்சம், 30 மணி நேரம் வரை மிச்சம் என்று அப்போது சொன்னார்கள். நிலக்கரியும் உப்பும் போகும் கப்பல்கள் எல்லாம் காசு கொடுக்காமலே தீவு சுற்றுகின்றன, பாருங்கள்!

கோபுரத்தைப் படுக்க வைத்தால்...

2023 ஜூன் 5ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. கார்டீலியா என்ற நிறுவனம் நடத்திய கப்பல் அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று ஊர்களில் நின்று சென்னைக்குத் திரும்புவதாக அதன் பயணம். மூன்றையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். தெற்கு, கிழக்கு, வடக்கு. மேற்குக் கரை விடுபட்டிருக்கிறது அல்லவா? காரணம் உங்களுக்கே இப்போது தெரியும். கிழக்குப் பக்கமாகக் கீழே போய், அதே பக்கமாக மேலே வர வேண்டியதுதான். சென்னையில் இருந்து அம்பாந்தோட்டைக்குக் கடல் வழி எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். நம் 28ஆல் வகுத்தால், ஒரு பகலும் ஓர் இரவும் போய், இன்னும் கொஞ்ச நேரம்.

எம்பிரஸ் கப்பல் எவ்வளவு பெரியது? 1990ல் பிரான்சில் கட்டியது. நீளம் 692 அடி. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி. கோபுரத்தைப் படுக்க வைத்தால் (மனதுக்குள்தான்!) மூன்றரைக் கோபுர நீளத்துக்கும் சற்று அதிகம். கோபுரத்துக்குப் பதினொரு நிலை. கப்பலுக்கும் பதினொரு தளம்.

இவ்வளவு பெரிய இரும்பு எப்படி மிதக்கிறது? வீட்டில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வாளித் தண்ணீரில் நேராக வையுங்கள். மிதக்கும். அதையே சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் உள்ளே புகுந்ததும் 'டொக்' என்று அடியில் போய் உட்காரும். கிண்ணம் அதே கிண்ணம்தான், எடையும் அதே எடைதான். நேராக இருந்த போது தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளிக் கொண்டு நின்றது. சாய்ந்ததும் தள்ளும் இடம் குறைந்துவிட்டது. கப்பலும் ஒரு பெரிய கிண்ணம்தான். இந்த விதியைக் கண்டுபிடித்த ஆர்க்கிமிடிஸ் எந்த ஊர்க்காரர் தெரியுமா? சற்று முன் சொன்ன சிசிலித் தீவின் சிரகூசா! அங்கே வந்து நிற்கும் சுற்றுலாக் கப்பல்கள் எல்லாம் அவர் சொன்னதை நிரூபித்துக் கொண்டுதான் நிற்கின்றன.

வந்த கப்பல்கள், நின்ற கப்பல்கள்

திட்டம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கப்பலில் நீச்சல் குளம் இருக்கிறதா என்பது இல்லை. கப்பல் ஓடுகிறதா என்பதுதான். ஏன் சொல்கிறேன் என்றால், நம் கரைக்கும் இலங்கைக்கும் நடுவே ஓடிய கப்பல்களின் கதை அப்படி.

1906ல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவிகச் சங்கத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நம்மவர் கப்பல் ஓடியது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட்டது. 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். கம்பெனியும் நொடித்தது. இது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும்.

1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் 'போட் மெயில்' வந்தது. சென்னையில் ரயில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கே நீராவிக் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்பு! ஐம்பது ஆண்டுகள் இப்படி ஓடியது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்து போனது. அதன் பிறகு ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' என்ற கப்பல் ஓடியது. இலங்கையில் சண்டை மூண்ட 1980களில் அதுவும் நின்றது.

2011 ஜூனில் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. நமக்குப் பக்கத்து ஊர்! ஆனால் அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது. 2023 அக்டோபர் 14ல் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 'செரியாபாணி' என்ற கப்பல். மழைக்காலம் வந்ததால் சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டு 16ல் அதே வழியில் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதற்கும் இடைவெளி விடுகிறார்கள்.

ஆகவே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: 'எந்தக் கப்பல்? இந்த ஆண்டு ஓடுகிறதா? எந்தத் தேதி வரை? கப்பல் ரத்தானால் பணம் எத்தனை நாளில் திரும்பும்?' இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அப்பாவிடம் பணம் கேட்க வேண்டும்.

அப்பத்தா எங்கே போக விரும்புகிறார்?

நான் பணியில் இருந்த போது ஒரு நாள் ஏழாம் வகுப்பில் இலங்கை வரைபடத்தை மாட்டி ஊர்களைக் குறிக்கச் சொன்னேன். ஒரு மாணவி மட்டும் நான் கேட்காத ஓர் ஊரில் புள்ளி வைத்தாள். நடு மலையில், அட்டன் பக்கம். "எங்க அப்பத்தா பொறந்த ஊரு, டீச்சர். எட்டு வயசுல கப்பல்ல வந்தாங்களாம். வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாங்களாம்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

குழந்தைகளே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பாட்டி இருக்கலாம். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் ஏராளமானோர் வந்தது தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பலில்தான். பிறந்த ஊரை விட்டு, ஒரு தகரப் பெட்டியோடு, பார்த்திராத 'தாய்நாட்டுக்கு' வந்தார்கள். அவர்களுக்கு அது சுற்றுலாக் கப்பல் இல்லை.

இப்போது அந்த மாணவியின் வீட்டில் இலங்கைக்குக் கப்பலில் போகலாம் என்று பேச்சு எடுக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். பேத்திக்கு நீச்சல் குளமும், பதினொரு தளமும் வேண்டும். அப்பத்தாவுக்குத் தான் பிறந்த லயத்தையும், தோட்டத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் முடியுமா?

சொகுசுக் கப்பலை எடுத்துக் கொள்ளுங்கள். காலையில் அம்பாந்தோட்டையில் நின்றால் மாலைக்குள் எல்லோரும் திரும்பி ஏறிவிட வேண்டும். கதிர்காமம் முருகன் கோயில் பக்கம்தான், போய் வரலாம். ஆனால் அட்டன்? மலைப் பாதையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். போவதற்கே அரை நாளுக்கு மேல் ஆகும். திரும்பி வருவதற்குள் கப்பல் போய்விடும். திருகோணமலையில் இருந்தும் முடியாது. காங்கேசன்துறையோ நேர் எதிர்க் கோடியில் இருக்கிறது. இத்தனை பெரிய கப்பல் மூன்று ஊர்களில் நின்றும், அப்பத்தா கேட்ட ஒரே ஊருக்கு வழி இல்லை!

அப்படியானால் இரண்டாவது திட்டம். மதுரை, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். தூரம் சுமார் 110 கிலோமீட்டர், ஏறத்தாழ 4 மணி நேரம். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள்: நல்லூர் கோயில், கீரிமலைக் கேணி, 1981ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாண நூலகம். பிறகு ரயிலிலோ பஸ்சிலோ கொழும்பு. அங்கிருந்து மலை ஏறி அட்டன். இதிலும் ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் அடித்த 'டிட்வா' புயலில் இலங்கையின் மலைநாட்டு ரயில் பாதை பலத்த சேதம் அடைந்தது. ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுக் கொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் நீச்சல் குளம் இல்லை, பாட்டுக் கச்சேரி இல்லை, கட்டில் கூட இல்லை, நாற்காலிதான். ஆனால் அப்பத்தா ஊர் இருக்கிறது.

எது நல்ல திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி உண்டா, எத்தனை நாள் லீவு கிடைக்கும், கையில் எவ்வளவு பணம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கு வேறு. ஒன்று மட்டும் சொல்வேன். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் 'நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்?' என்று கேட்ட பிறகு வரைபடத்தை விரியுங்கள். பெரும்பாலும் நாம் டிக்கெட் எடுத்த பிறகுதான் பாட்டியிடம் சொல்கிறோம்.

எப்போது போவது?

தென்காசிக்குச் சாரல் சீசனில் போயிருப்பீர்கள். ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டு கொட்டு என்று கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம் ராஜபாளையத்தில் காற்று மட்டும் தூக்கி அடிக்கும். மழை அவ்வளவாக இருக்காது. மலை மழையைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. இலங்கையிலும் இதே கதைதான். தீவின் நடுவில் மலை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும் போது கொழும்பு, காலி பக்கம் மழை. திருகோணமலை காய்ந்து கிடக்கும். அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர், ஜனவரி வரை வடகிழக்குக் காற்று. அப்போது திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் மழை, கடலும் பொல்லாதது. எம்பிரஸ் கப்பல் ஏன் ஜூனில் கிழக்குக் கரைக்குப் போனது என்று இப்போது புரிகிறதா?

மே முதல் அக்டோபர் வரை திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் தென்படும். உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியது! கட்டாயம் தெரியும் என்று யாரும் உறுதி தர முடியாது. அது டிக்கெட் வாங்கிக் கொண்டு வருவதில்லை.

அரையாண்டு விடுமுறை டிசம்பரில் வருகிறது. அது கடலுக்கு ஆகாது. ஆகவே முழு ஆண்டு விடுமுறைதான் சரி. இரண்டு பருவக் காற்றுக்கும் நடுவே ஏப்ரலில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஆண்டாள் தேரோட்டமும் தப்பாது. ஆடிப்பூரம் ஜூலை, ஆகஸ்டில்தானே!

பாஸ்போர்ட், பணம், பால்கோவா

பாஸ்போர்ட் இல்லாமல் கப்பல் படிக்கட்டில் கால் வைக்க முடியாது. விருதுநகர் மாவட்டத்துக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுக்குத்தான் தருவார்கள். அதற்குள் 18 வயது ஆகிவிட்டால் அதுவரைதான். முகம் மாறிக் கொண்டே இருக்கும் அல்லவா? பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும், ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று இன்றே பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் கூட அலைச்சல்தான். எத்தனை பெற்றோர் அதற்காகப் பள்ளி அலுவலகத்து வாசலில் நின்றார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். இலங்கைக்கான பயண அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் புறப்படும் மாதத்தில் ஒரு முறை சரி பாருங்கள்.

சென்னையில் ஏறுவதாக இருந்தால் நமக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிற்கும். இரவில் ஏறினால் காலையில் சென்னை. ரயில் டிக்கெட்டை 120 நாளுக்கு முன் எடுக்கலாம் என்பது பழைய கதை. 2024 நவம்பரில் இருந்து 60 நாள்தான். கோடையில் அந்த அறுபதாவது நாள் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, கப்பல் புறப்படும் அன்றே சென்னையில் இறங்கக் கூடாது. முதல் நாளே இறங்கிவிடுங்கள். ரயில் தாமதமானால் பஸ்சைப் பிடிக்கலாம். கப்பலை ஓடிப் பிடிக்க முடியாது.

கப்பல் கட்டணத்தில் அறையும் சாப்பாடும் பொதுவாக அடங்கும். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட தொகையோடு வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் கூடும். கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க வேன் வாடகை தனி. ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு. இருட்டாக இருக்குமே என்று கவலைப்படாதீர்கள். தூங்க மட்டும்தானே அறை? கடலைப் பார்க்க மேல் தளத்துக்குப் போனால் போகிறது. அப்பாவின் செல்போனைக் கடலுக்குள் போனதும் 'பிளைட் மோடு'க்கு மாற்றச் சொல்லுங்கள். நடுக்கடலில் சாட்டிலைட் வழியாகப் போன் பேசினால் வரும் பில், சில சமயம் பயணக் கட்டணத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பால்கோவா எடுத்துப் போகலாமா? போகலாம், ரயிலில் சாப்பிட! பாலும் சர்க்கரையும் மட்டும் போட்டுக் கிண்டியது. பிரிட்ஜ் இல்லாமல் நாலைந்து நாள் வைத்திருப்பது நல்லதல்ல. வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்க்கிறவர்கள் அதற்கும் ஒரு திட்டம் போட வேண்டும். அது ஒரே ஆளிடம்தான் ஒட்டிக் கொள்ளும். யார் சோறு வைப்பது என்பதை ஒரு வாரம் முன்பே பழக்கிவிடுங்கள்.

அந்த மாணவியின் அப்பத்தாவைப் போலக் கப்பலில் வாந்தி வராமல் இருக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. காது உள்ளே இருக்கும் உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. அறைக்குள் சுவரையே பார்க்கும் கண்ணோ 'ஆடவில்லை' என்கிறது. இரண்டும் சண்டை போடுவதுதான் குமட்டல். மேலே வந்து தொலைவில் தொடுவானத்தைப் பாருங்கள், கண்ணும் சமாதானமாகிவிடும். கப்பலின் முனையை விட நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. சீ-சா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் குலுங்காதே, அதே மாதிரிதான். அறை பதிவு செய்யும் போதே நடுவில் கேளுங்கள். பட்டினியாக ஏறாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு முன்பே வாங்கி வையுங்கள்.

ஏழு சிறிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்

2012 ஜனவரி 13 மாலை, இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' என்ற பிரம்மாண்டமான சுற்றுலாக் கப்பல் புறப்பட்டது. 4,200 பேர் இருந்தார்கள். இரவில் ஜிலியோ என்ற சின்னத் தீவுக்கு மிக அருகில் போய்ப் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் கப்பல் ஏறிய ஏறத்தாழ 700 பயணிகளுக்கு ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்ற பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு உலக விதியையே மாற்றினார்கள். 2015 ஜனவரி முதல், இப்படி இரவு தங்கிச் செல்லும் கப்பல்கள் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும்.

கப்பல் ஏறியதும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். சில பேர் "அதெல்லாம் எதற்கு" என்று சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். நீங்கள் போங்கள், அம்மா, அப்பாவையும் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போங்கள். உங்கள் அறைக் கதவில், நீங்கள் கூட வேண்டிய இடத்தின் எண் இருக்கும். அங்கிருந்து அந்த இடத்துக்கு லிப்டில் ஏறாமல், படிக்கட்டில் ஒரு முறை நடந்து பாருங்கள். எத்தனை படி, எந்தப் பக்கம் திருப்பம் என்று மனதில் வையுங்கள். மிதவைச் சட்டையை நீங்களே ஒரு முறை போட்டு, கட்டி, அவிழ்த்துப் பாருங்கள். தம்பி தங்கைக்குச் சின்ன அளவுச் சட்டை அறையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஊழியரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஆபத்து என்றால் ஏழு சிறிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் கேட்கும். எந்த நாட்டுக் கப்பல் என்றாலும் இதே கணக்குத்தான். இதை எல்லாம் பார்த்து முடித்த பிறகு நீச்சல் குளம் எங்கே இருக்கிறது என்று தேடலாம்.